இரண்டாம் புத்தகம்

ஏழு ஆறு தாண்டினால் செவ்வாழி என்றொரு நாடு. அங்கே வெண்கரையார் ஆண்டார்கள், கருங்குன்றத்தார் கல் சுமந்தார்கள். ஒருநாள் மன்னருக்கு என்ன தோன்றியதோ, 'நிறம் எதுவானாலும் சட்டத்தின் முன் எல்லாரும் சமம்' என்று பொன்னெழுத்தில் தொடங்கும் சட்டப் புத்தகம் ஒன்றை எழுதி, மன்றத்தில் வைத்து, ஊரெங்கும் முரசு அறைவித்தார்.

அந்த முரசை நம்பியவள் கருங்குன்றத்து வேம்பி. கல் சுமந்த களைப்பில் சந்தை மரநிழலில் உட்கார்ந்தான் என்பதற்காக, அவள் தம்பி கடம்பனைக் காவலன் சேனாதரன் அடித்தே கொன்றான். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"சாட்சி நான் இருக்கேன். சட்டமும் இருக்கு. எந்தம்பியக் கொன்னவன் எப்பிடித் தப்புவான்?" என்று மூன்று நாள் நடந்து மன்றத்துக்கு வந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அந்த மகராசிக்கு யார் சொல்வது?

சாட்சி சொல்லுமுன் சட்டப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வேம்பி கை நீட்டியதும் மன்றமே பதறி எழுந்தது. கருங்கை பட்டால் பொன்னெழுத்து மங்கிவிடுமாம்!

தலைமை நீதிபதி தர்மநாதர் தொண்டையைச் செருமினார். "சமத்துவமே நம் உயிர்மூச்சு. ஆகையால் கருங்குன்றத்தாருக்கென்றே தனிப் புத்தகம் ஒன்று செய்ய ஆணையிடுகிறேன். அதே தோல், அதே கனம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

புத்தகம் வர எட்டு மாதம். அதற்குள் சேனாதரன் காவல் தலைவனாகிவிட்டான். வேம்பி தன் புத்தகத்தில் கைவைத்து, கண்டதைக் கண்டபடி சொன்னாள். சேனாதரன் பொன் புத்தகத்தில் கைவைத்து, "அன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்றான்.

அவனுடைய வக்கீல் எழுந்து வேம்பியின் புத்தகத்தை விரித்துக் காட்டினார். முதலிலிருந்து கடைசிவரை வெற்றுத்தாள்.

"ஐயா, இத நீங்கதான செய்யச் சொன்னீங்க?"

"செய்யச் சொன்னேன் அம்மா. எழுதச் சொல்லவில்லையே," என்றார் தர்மநாதர், உண்மையான வருத்தத்தோடு. "சட்டம் இல்லாத புத்தகத்தில் செய்த சத்தியம் செல்லாது. உன் சாட்சியும் செல்லாது. சேனாதரன் குற்றமற்றவன்."

"அடப் பாவிங்களா! எந்தம்பி செத்தது நெசந்தானடா!" வேம்பி வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினாள்.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. முறையான சத்தியமின்றிக் காவல் தலைவன்மேல் கொலைப்பழி சுமத்தியவளுக்கு ஏழாண்டு கல்லுடைப்பு. "விவரம் தெரியாதவள், கொஞ்சம் குறைக்கலாமே," என்று மன்ற எழுத்தர் முனகினார்.

தர்மநாதரின் முகம் சிவந்தது. பொன் புத்தகத்தைத் தருவித்தார். எந்தக் கருங்குன்றத்தாருக்கும் அதுவரை திறக்காத முதல் பக்கத்தைத் திறந்து, எழுந்து நின்று, ஓங்கிய குரலில் வாசித்தார்:

"'நிறம் எதுவானாலும் சட்டத்தின் முன் எல்லாரும் சமம்.' இவளுக்கு மட்டும் எப்படிச் சலுகை காட்டுவது?"