வடக்கே ஓடிய ஆறு

எனக்குத் திசை தெரியும் என்பது நானே கிளப்பிவிட்ட வதந்தி. ரொறன்ரோவில் இருபது வருடம் வாழ்ந்தவனுக்குத் திசை ஒரு பிரச்சினையா? ஏரி இருக்கும் பக்கம் தெற்கு. ஆறுகள் எல்லாம் பணிவாக அந்தப் பக்கமே ஓடும். உலகம் முழுவதும் இதுதான் சட்டம் என்ற நினைப்போடு தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு இங்கிலாந்து போனேன். (விமானத்தில் இங்கிலாந்து ஆறுகள் பற்றி ஒரு புத்தகம் வேறு வாசித்தேன். பறவைப் படங்கள் நன்றாக இருந்தன.)

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாறு. தலைவிரித்த மரங்கள், நாலு வாத்து, முழங்காலளவு தண்ணீர். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க அரைநாள் லீவு போடவேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் முளைப்பாலிகையை நீரில் விடும் வேலை எனக்கு வந்தது. நவதானியம் முளைத்த ஐந்து சட்டிகள். மண்சட்டி கிடைக்காததால் அலுமினியத் தட்டுகள்.

"அண்ணை, ஆத்தில கொட்டிப்போட்டு வாங்கோ," என்றாள் தங்கச்சி. "மாப்பிள்ளையின்ர தாய் சகுனம் பாக்கிற மனுசி. உது மண்டபத்தடிக்கு மிதந்து வந்தா, என்ர பிள்ளை காலம் முழுக்கப் பேச்சுக் கேக்கோணும்."

"தாய்மாமன் நான் இருக்கிறன். நீ போய்ப் பந்தியைப் பார்."

காரில் அரை மைல் தெற்கே போனேன். அங்கிருந்து ஆறு மண்டபத்தை விட்டு விலகித்தானே ஓடும்? கொட்டச் சொன்னதைத் தட்டோடு விட்டேன். (பச்சைத் தலையோடு ஐந்து படகுகள், அவ்வளவு வடிவு!) சாப்பாடு ஆறிவிடும் என்று திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு முறை பாயசம் குடித்த பிறகு ஆற்றங்கரையில் குடும்பப் படம். "எல்லாரும் இஞ்ச பாருங்கோ," என்றார் படம் எடுப்பவர். நான் மட்டும் ஆற்றைப் பார்த்தேன். தெற்கிலிருந்து ஐந்து தட்டுகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் தட்டை ஒரு வாத்து மேய்ந்துகொண்டிருந்தது.

பட்டுவேட்டியோடு குதித்தேன். சேறு காலைப் பிடித்தது, நான் தட்டுகளைப் பிடித்தேன், வேட்டியைப் பிடிக்க ஆளில்லை. அது வடக்கே போயிற்று. (உள்ளே கட்டைக் காற்சட்டை இருந்ததால்தான் இதை எழுத முடிகிறது.)

மாப்பிள்ளையின் தாய் கரைக்கு வந்தார். பின்னாலேயே தங்கச்சி ஓடிவந்தாள்.

"உவர் ஆர்?"

"பொம்பிளையின்ர மாமன். கனடா," என்றார் யாரோ.

அவர் முளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முளை வீடு தேடி வந்திருக்கு. நல்ல சகுனம்தான். முதல்ல உந்தாளுக்கு ஒரு துவாய் குடுங்கோ."

வேட்டி கிடைக்கவேயில்லை. இப்போதும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங் ஏரிக்கரையில் நடக்கும்போது, தண்ணீரில் வெள்ளையாக எது தெரிந்தாலும் என் மகள் கத்துவாள்: "அப்பா, லுக்! உங்கட வேட்டி வந்திட்டுது!"

கேலிதான், தெரியும். ஆனால் இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கத் தவறுவதில்லை.