எதிர்வீட்டுக்கு ஏற்ற தரை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் இந்த உலகத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம், என் மச்சான் தன் வாடகை வீட்டுக்குத் தரை தேடப் புறப்பட்டதுதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக்குச் சொந்தக்காரர். கீழ்த்தளத்தில் ஒரு வீட்டில் அவரே இருக்கிறார். எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மாவும் அவர் கணவரும் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவர் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சக்கர நாற்காலிதான். அந்த வீட்டு ஹாலில் டைல்ஸ் பெயர்ந்து, பாத்ரூமுக்குப் போகிற வழியில் பெரிய பள்ளம். சக்கரம் அதில் இறங்கினால் ஏறாது. தையல்காரம்மா பின்னாலிருந்து தள்ள வேண்டும். அவர் வெளியே போயிருந்தால், திரும்பி வரும்வரை மனிதர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"யாரையும் கூப்பிடாம நானா பாத்ரூம் போய்ட்டு வரணும் சார். வேற ஒண்ணும் வேணாம்," என்றார் அவர். "காட்டு ரோட்டுல லோடு ஏத்திக்கிட்டுப் போனவன் நான். இந்த ஹாலைத் தாண்ட முடியல."

வேறு வீட்டுக்காரராக இருந்தால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பள்ளத்தை அடைத்து விஷயத்தை முடித்திருப்பார். அற்ப புத்தி! மச்சான் அப்படிப்பட்டவர் அல்ல. "வாடகை வீடுன்னா நாலு பேர் வருவான், போவான். தரை உழைக்கணும். அவசரப்பட்டுப் போட்டுட்டு அப்புறம் அழக்கூடாது," என்றார். உடனே 'தரைத் தேர்வு உயர்மட்டக் குழு' உதயமானது. தலைவர் மச்சான். செயலாளர் நான். தொழில்நுட்ப ஆலோசகர் டைல்ஸ் கடைக்காரர். எப்படிக் கேட்டாலும் விலை அதிகமான சரக்கையே சிபாரிசு செய்யும் 'நடுநிலையாளர்'.

முதல் கூட்டத்திலேயே ஒரு தர்மசங்கடமான கேள்வி எழுந்தது. சோதனையை எங்கே நடத்துவது?

"எதிர்வீட்டுலதான்," என்றேன் நான், விவரம் தெரியாமல்.

மச்சான் பதறிப்போனார். "அவங்க பாவம் மாப்ள! ஏற்கெனவே நொந்துபோயிருக்காங்க. அவங்க வீட்டையா சோதனைக்கூடம் ஆக்குறது? கஷ்டம்னா அதை நாம தாங்குவோம். என் வீட்டுல போடுங்க."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆர்டர் புத்தகத்தை எடுத்தார்.

அந்தக் கஷ்டத்தை மச்சான் தாங்கிய விதம் இருக்கிறதே! ஹாலில் பளபளக்கும் டைல்ஸ். சமையலறையில் கிரானைட். படுக்கையறையில் மரப்பலகை. பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், கூடவே சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. எல்லாம் 'சோதனைக்காக'. சுத்தியலைப் போட்டுப் பார்த்தோம். கொதிக்கிற எண்ணெயை ஊற்றினோம். பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்தோம். 'இழுத்தோம்' என்பது குழுவின் பன்மை. இழுத்தவன் நான். முதுகு இன்னும் நிமிரவில்லை.

எல்லாத் தரையும் பாஸ். ஆனாலும் மச்சான் அவசரப்படவில்லை. "ஒரு மழையைப் பாத்துடுவோம்," என்றார். மழை வந்து போனது. "ஒரு வெயிலையும் பாத்துடுவோம்," என்றார். இப்படியே இரண்டு வருஷம் வானிலையைப் பார்த்தோம்.

தையல்காரம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "உங்க வீடுதான் சார் பளபளன்னு மாறிக்கிட்டே இருக்கு. எங்க பள்ளம் அப்படியே இருக்கு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் மச்சான். "ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு பாருங்க! உழைப்புன்னா அது! அந்த மாதிரி ஒரு தரையைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

அந்தம்மா எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஆராய்ச்சியின் அருமை தெரியாதவர்.

குழுவின் கடைசிக் கூட்டம் மச்சான் வீட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தது. திறந்திருந்த கதவு வழியாகச் சக்கர நாற்காலி உள்ளே வந்தது. தோளில் துண்டு.

"அவ துணி வாங்கப் போயிருக்கா சார். அவசரம்," என்றார் லாரிக்காரர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பளபளக்கும் தரையில் நாற்காலி சத்தமே இல்லாமல் ஹாலைக் கடந்து பாத்ரூமுக்குள் போனது. தாழ்ப்பாள் விழுந்தது. உயர்மட்டக் குழு மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். முகம் கழுவியிருந்தார். கண்ணில் மட்டும் ஈரம் காயவில்லை.

"அருமையான தரை சார்! ஒரு ஆளைக் கூப்பிடல. நானே போனேன், நானே வந்தேன்," என்றார். பிறகு குறும்பாகச் சிரித்தார். "சக்கரத்துக்குத் தாங்குதான்னு நீங்க இன்னும் பாக்கலியே? எங்களுக்காகத்தானே இவ்வளவு பாடு. தினமும் வந்து நானே சோதிச்சுத் தரேன்."

அவர் போன பிறகு மச்சான் குனிந்து பார்த்தார். டைல்ஸில் மெல்லிய கறுப்புக் கோடு. கடைக்காரர் கைக்குட்டையால் துடைத்தார். போய்விட்டது.

"பாஸ்," என்றேன் நான்.

மச்சான் எழுந்து வாசல்பக்கம் போனார்.

எதிர்வீட்டு வேலைக்கு இரண்டு வருஷமாகக் கிடைக்காத 'நல்ல கொத்தனார்' அன்று மத்தியானமே கிடைத்துவிட்டார். குழு கூடவில்லை. மழை பார்க்கவில்லை, வெயில் பார்க்கவில்லை. மீந்துபோன கிரானைட், கொஞ்சம் சிமெண்ட், அவ்வளவுதான். கரண்டிச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லாரிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, அங்க முடிச்சுட்டு நேரா இங்கதானே?"

கொத்தனார் இன்னொரு கரண்டி சிமெண்டை அள்ளிப் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. மச்சான் வீட்டு வாசலில், முழங்கால் உயரத்துக்கு, வழவழவென்று ஒரு படி. வீட்டுக்காரரே காலைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். சந்தோஷமாகத் தாண்டுகிறார். சுத்தியலைப் போட்டாலும் அசையாது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சக்கரத்தைக் கண்டுபிடிக்க மனிதகுலத்துக்கு எத்தனை ஆயிரம் வருஷம் ஆனதோ தெரியாது. அதை நிறுத்த என் மச்சானுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.