கன்வெர்ட்டரைக் கொன்றவர்

காரைப் பற்றி இனி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நம்மவர் ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே தீர்மானம் செய்துவிட்டார். பேசினால்தானே மாட்டிக்கொள்வது? நம்மவருக்கு வேலை காப்பீட்டு அலுவலகத்தில். மரம் விழுந்தது, வெள்ளம் புகுந்தது, கண்ணாடி தானாக உடைந்தது என்று ஊரார் எழுதி அனுப்பும் புளுகுகளைப் படித்து, சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் எப்படிப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தாகிவிட்டது. ஆகவே மாட்டாமல் பொய் சொல்லத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம்.

அவர் மனைவி அம்மணிக்கு வேலை காது மருத்துவமனையில். ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதித்துச் சொல்வாள். இப்படி ஒரு காதுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்துகொண்டு ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நம்மவர் யோசித்ததே இல்லை.

காருக்கு வயது பதினாறு. ஒரு மாதமாக அதன் வயிற்றுக்குள் ஏதோ கலகலத்துக்கொண்டிருந்தது, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. மேடு கண்டால் ஏற மறுத்தது. நின்ற இடத்தில் அழுகிய முட்டை நாற்றம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. நம்மவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தார். சத்தத்துக்கு ரேடியோவைக் கூட்டி வைத்தார். நாற்றத்துக்குச் சாக்கடையைத் திட்டினார். மஞ்சள் விளக்கின் மேல் சின்ன மகளின் பூனை ஸ்டிக்கரை ஒட்டினார். இரவில் பூனையின் மூக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம், துணி மடித்துக்கொண்டே அம்மணி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வண்டிக்குப் புகை டெஸ்ட் இருக்குல்லங்க?"

"இருக்கு."

"தேறலன்னா வித்துடலாம். ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். காத்துட்டு இருக்கார்."

அவ்வளவுதான். அடுத்த தலையணை உறையை எடுத்துவிட்டாள்.

கார் போனால் போகட்டும் என்று அவரால் விட முடியாது. அதற்குக் காரணம் ஒன்று உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தினம் ஆறு மணிக்குக் குடியிருப்பின் அடித்தளத்தில் காரை நிறுத்துவார். எஞ்சினை அணைப்பார். சீட்டைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பார். மேலே வீட்டில் ஒரே ஹேர் டிரையருக்காக மல்லுக்கட்டும் இரண்டு மகள்கள், வேலை தேட வந்து ஏழு மாதத்தில் சோபாவை மட்டும் கண்டுபிடித்த மைத்துனன், ஓயாத வாஷிங் மெஷின். இந்தப் பூமியில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடாத இடம் அந்த ஓட்டுநர் சீட் ஒன்றுதான். அதை விற்பதும் தன்னை விற்பதும் அவருக்கு ஒன்று.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் காரை மேலே தூக்கி, அடியில் நின்று, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். உள்ளே கலகலவென்று கொட்டியது.

"கன்வெர்ட்டர் போச்சு சார்" என்றார். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஓர் இரும்பு உருளை. அதற்குள் தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி. புகையிலிருக்கும் விஷத்தை அதுதான் சுத்தம் செய்கிறது. அந்தக் கட்டிதான் இப்போது பொடிந்து கிடக்கிறது என்று விளக்கினார். நம்மவர், பதினாறு வருஷத்தில் அதுவாகத் தேய்ந்திருக்கும் என்று நியாயம் பேசிப் பார்த்தார்.

"அது தானாச் சாகாது சார். யாராவது கொன்னாத்தான் சாகும்."

"யார் கொன்னது?"

"போன வருஷம் ப்ளக் மாத்தணும்னு நான் சொன்னப்ப, அடுத்த மாசம் பாக்கலாம்னு சொன்னது யாரு?"

பழைய ப்ளக் சரியாகத் தீப்பொறி விடவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிட்டது. ப்ளக்கை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் மூன்றே மாதத்தில் புதுசுக்கும் இதே கதிதான். கொலைகாரர் தலையைச் சொறிந்தார்.

விலை என்று வந்ததும் மெக்கானிக் மூன்று வழி சொன்னார். கம்பெனியின் அசல் பாகம் வாங்கினால் அந்தப் பணத்துக்குப் பாதிக் கார் வாங்கலாம். பழைய இரும்புக் கடையில் வேறொரு காரிலிருந்து கழற்றினது கிடைக்கும். ஆனால் அடுத்தவர் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொள்வது போலத்தான், எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது, இதே மாடலுக்கென்று வெளிக் கம்பெனி செய்தது. அசலின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வருஷ உத்தரவாதம், சுத்தமாகப் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும். கழற்றிய பழசுக்குள் விலை உயர்ந்த உலோகம் கொஞ்சம் இருப்பதால், அதை விற்றால் கையைக் கடிக்காது.

நம்மவர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். ப்ளக்கை மட்டும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ப்ளக் என் செலவில் இருக்கட்டும் சார் என்றார். தன் பேரம் பேசும் சாமர்த்தியத்தை எண்ணி நம்மவர் பஸ் ஸ்டாப் வரை நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

பொய்யும் தயாராக இருந்தது. அலுவலக வாசலில் கட்டட வேலை, நிறுத்த இடமில்லை, இரண்டு நாள் பஸ். தேதி, மேஸ்திரி பெயர், குழியின் ஆழம் வரை கேட்டால் சொல்லத் தயார் செய்து வைத்திருந்தார். அம்மணி கேட்கவில்லை. "சரிங்க" என்றாள். இந்தச் 'சரிங்க'தான் நம்மவரைப் படுத்தியது. கேள்வி கேட்டால் பதில் சொல்லித் தப்பிக்கலாம். 'சரிங்க'வுக்கு என்ன பதில் சொல்வது? சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்தார், எழுந்தவர் உட்கார்ந்தார். தானாகவே குழியின் ஆழத்தைச் சொன்னார். அதற்கும் "சரிங்க" என்றாள்.

புதன்கிழமை கார் தயார். சத்தமில்லை, நாற்றமில்லை, பூனையின் மூக்கு அணைந்திருந்தது. பழைய கன்வெர்ட்டரை மெக்கானிக் ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். நம்மவர் அதைப் பிரின்டர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே 'அலுவலகக் கோப்புகள்' என்று எழுதி, பீரோ மேல் ஏற்றினார். கோப்புகளைத் தூக்கும்போது முனகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதில் முகம் சிவந்துவிட்டது.

வியாழன் மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். புதுக் கன்வெர்ட்டருக்குப் பணம் கொடுத்ததில் ரகசியச் சேமிப்பில் விழுந்த ஓட்டையை இன்றே அடைத்துவிட வேண்டும். கடைக்காரர் துண்டைப் பிரித்தார். உள்ளே கைப்பிடி உடைந்த ஒரு இஸ்திரிப் பெட்டியும் இரண்டு செங்கல்லும் இருந்தன.

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதே துண்டு மாதிரி ஒன்றில் சுற்றி, காலையில் ஒரு அம்மா கன்வெர்ட்டர் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

"காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாங்க சார். கால்வாசிதான் பொடிஞ்சிருக்கு, முக்காவாசி முழுசா இருக்கு, அதுக்குத் தகுந்த விலை போடுங்கன்னாங்க. நான் அறுத்துப் பாத்தேன். அவங்க சொன்னபடியே இருக்கு."

அன்று வீடு திரும்பிய நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டால் தானே ஒப்புக்கொண்டது போலாகும். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். கால் மணி நேரத்தில் ஆறு தடவை குடித்தார். அம்மணி ஒன்றும் நடக்காதவள் போல மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்டில் கார் தேறியது. சும்மா தேறவில்லை, சோதித்தவர் கருவி காட்டிய அளவை நம்பாமல் இரண்டாவது முறை குழாயைச் சொருகிப் பார்த்தார். நம்மவர் படி ஏறி வந்து சான்றிதழை மேஜைமேல் வைத்தார். வாங்கக் காத்திருக்கும் அந்த ஆளிடம் வேறு கார் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றார், குரலைக் கொஞ்சம் உயர்த்தியே.

"எந்த ஆள்?" என்றாள் அம்மணி.

"நீதானே சொன்ன, ஒருத்தர் காத்துட்டு இருக்கார்னு."

"இந்த வண்டியை யாருங்க வாங்குவாங்க?"

நம்மவர் சான்றிதழை எடுத்து மறுபடி படித்தார்.

"ரிப்பேர் பண்ணுங்கன்னு சொன்னா அடுத்த மாசம்னு சொல்வீங்க. விக்கலாம்னு சொன்னேன், அஞ்சே நாள்ல முடிச்சுட்டீங்க." சத்தம் வந்த முதல் நாளே எஞ்சின் பக்கத்தில் போனைப் பிடித்து மெக்கானிக்கைக் கேட்க வைத்ததையும், அசலும் வேண்டாம், பழசும் வேண்டாம், மூன்றாவதையே மாட்டுங்கள் என்று சொல்லி வைத்ததையும், ப்ளக்குக்கு நம்மவர் எப்படியும் தவணை சொல்வார் என்பதால் பழசை விற்ற காசில் அதைக் கட்டியதையும் நிதானமாகச் சொன்னாள். மிச்சக் காசு?

"சீட் கவர் வாங்கிட்டேன். எனக்கு உயரம் பத்தலை, முதுகுக்கு ஒரு குஷனும்."

"உனக்கு எதுக்குக் குஷன்?"

"திங்கக்கிழமையிலருந்து வண்டி எனக்குங்க. லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசமாச்சு."

அப்போதுதான் நம்மவருக்கு உறைத்தது. நான்கு மாதம் ஒரு சனிக்கிழமை விடாமல் தையல் வகுப்புக்குப் போய்வந்த இவள், இன்றுவரை ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. பதினெட்டு வருஷ அனுபவசாலி அந்தப் புளுகை ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், உங்கள் அலுவலகத்துக்கு ஒரே பஸ்தான் என்றாள் அவள். சாவி கை மாறியது.

திங்கள் மாலை பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கிய நம்மவர், கால் தன்னால் இழுத்துப்போக, அடித்தளத்துக்கு இறங்கினார். கார் அதன் இடத்தில் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. உள்ளே அம்மணி, சீட்டை முழுசாகச் சாய்த்து, குஷனில் தலை வைத்து, கண்ணை மூடிக் கிடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நிம்மதியாக அவர் பார்த்ததில்லை. அவருக்குப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பாவத்தைவிடப் பொறாமைதான் ஒரு பிடி தூக்கல்.

கண்ணாடியைத் தட்டினார். இரண்டு விரற்கடை இறங்கியது.

"அரை மணி நேரம் ஆகுங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "மேல பாத்திரம் ஊறப் போட்டிருக்கேன்."