சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சீட்

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, அத்தான் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு நாங்கள் நலம். அங்கு நீயும் உன் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம். கண்ணில் புரை முற்றி எழுத்தெல்லாம் புகையாகத் தெரிகிறது என்றாய். ஆகவே இதை உன் மகள்தான் உனக்குப் படித்துக் காட்டுவாள். கண்ணு, உன் மாமாவின் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். அப்பாவுக்குக் கோபம் வரக்கூடிய இடங்களில் கொஞ்சம் இருமிக்கொண்டே தாண்டிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். வாரக் கடைசியில் கண் ஆபரேஷன், கட்டு அவிழ்க்கும்போது முதலில் அக்கா முகத்தைத்தான் பார்ப்பேன் என்று நீ போனில் அடம்பிடித்தாயே, அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை, பஸ் டிப்போவாகிவிட்டது. ஒரு முழுப்பகல் பஸ்ஸில் உட்கார வேண்டும், பெண்பிள்ளை தாங்குவாளா என்று எனக்குக் கவலை. "இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உன் அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். கார் சீட்டுக்கு உறை தைத்தே இந்தக் குடும்பத்தை நிமிர்ந்து உட்கார வைத்தவள் அல்லவா, சொன்னால் சொன்னதுதான்.

மறுநாளே பஸ் நிலையத்துக்குப் புறப்பட்டாள், நானும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நின்றிருந்த பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு சீட்டாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் சட்டென்று மேலே எழும்பினால் மெத்தையில் உயிர் இருக்கிறது. அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் அடியில் பலகை நமக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தமாம். கண்டக்டர் இவளை யாரோ மேலதிகாரி என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். மறுக்காமல் குடித்துவிட்டு, "பின் சக்கரத்து மேல உக்காந்தா குடல் வாய்க்கு வரும். முன்னாடி எஞ்சின் சூடு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, வெயில் விழாத பக்கம், ஜன்னலோரம்" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த ஜன்னலோரச் சீட்டின் விளிம்பு கிழிந்திருந்தது. பையிலிருந்து வளைந்த ஊசியை எடுத்து அங்கேயே தைக்க உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும் நேரம் தாண்டியும் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. "என் சீட்டையும் ஒரு தடவை பாருங்கம்மா" என்று அவரே பக்கத்தில் வந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் அவளுடைய கணவன் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டாளா? பட்டறையிலிருந்து ஒரு பழைய பஸ் சீட்டைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டு ஒத்திகை ஆரம்பித்தாள். அவள் வசதிக்காகச் செய்வதை யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டுமே, அந்தத் தியாகத்தை நானே ஏற்றுக்கொண்டேன். எனக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலி, அதில் மாடி வீட்டுக்காரர். முன்சீட்டுப் பயணியாக என் முழங்கால்மேல் சாய்வது அவர் வேலை. பின்னாலிருந்து உன் அக்கா சீட்டைப் பிடித்து உலுக்குவாள். "இது நல்ல ரோடு... இப்ப வேகத்தடை... இப்ப பள்ளம்!" பள்ளத்தில் நான் எகிறினேன், மாடி வீட்டுக்காரர் குறட்டை விட்டார். கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, கால் வைக்க ஒன்று என்று மெத்தைகள் பெருகின. "இடுப்புல லேசா ஏதோ குத்துது" என்பேன், பிரித்துத் தைப்பாள். "கழுத்துல இன்னும் கொஞ்சம்" என்பேன், மறுபடி பிரிப்பாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அந்தக் கழுத்துத் தலையணை என் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு இப்படி அப்படி திரும்ப விடவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த கேஸ் சிலிண்டர்காரர், நான் உடம்போடு சேர்ந்து திரும்பியதைப் பார்த்து, "அடி ரொம்ப பலமா சார்?" என்று உருகிப்போய் சிலிண்டரை அடுப்படிவரை தானே தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் கூடி வந்த நேரத்தில் நேற்று போன் வந்தது. நாங்கள் பார்த்து வைத்த பஸ் பழுதாம், வேறு பஸ் அனுப்புவார்களாம், எந்த சீட் என்று ஏறும்போதுதான் தெரியுமாம். "வர்ற பஸ்ல போயிடுவோம்" என்றாள் உன் அக்கா. "நல்லா இருக்கே! அளவெல்லாம் மாறிடுமே! உன் உடம்பு தாங்காது, நான் விடமாட்டேன்" என்று டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவள் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்து போனாள். கண்ணு, இங்கே இருமிக்கொள். ஆகவே மைத்துனா, கட்டு அவிழ்க்கும்போது இந்த முறை டாக்டர் முகத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள். அடுத்த மாதம் நல்ல பஸ்ஸாகப் பார்த்து அக்காவை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

உன் கண்ணுக்கு ஒளியும், இதைக் கேட்கும் மனதுக்குப் பொறுமையும் பெருக என் ஆசிகள்.

இப்படிக்கு,
அக்காவின் வசதியே பெரிதென வாழும்
உன் அத்தான்

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை கேட்டு உள்ளே குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மாடி வீட்டுக்காரர்தான் இறங்கி வந்து, "அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களே சார், தம்பி வீட்டுக்கு!" என்றார். ஒத்திகை சீட்டில் கழுத்துத் தலையணையோடு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதியதால், என் முதுகுக்குப் பின்னால் அவள் வாசலைத் தாண்டிப் போனதை நான் பார்க்கவில்லை. ஒரு கைப்பைதான் எடுத்துப் போயிருக்கிறாள். மெத்தைகள் எல்லாம் கூடத்தில் அடுக்கியபடி இருக்கின்றன. "இதெல்லாம் எடுத்துக்கலையா?" என்று அவர் கேட்டாராம். "அது பூரா அவருக்குத் தைச்சதுங்க. எனக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தா போதும், நின்னுக்கிட்டே போயிடுவேன்" என்றாளாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெத்தைகளின்மேல் இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்தேன், எங்கேயும் எதுவும் குத்தவில்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இதைத் தபாலில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில், கிடைக்கிற சீட்டில், நானும் வருகிறேன். கட்டு அவிழ்த்ததும் முதலில் உன் அக்காவைப் பார். அவளுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். அவனுக்கு ஒரு சாதாரண நாற்காலி போட்டால் போதும்.

கண்ணு, இதை இருமாமல் படி.