திறப்பண்ணைக்கு ஒரு பிறப்பிடம்

உயிரோடும் நல்ல சுகத்தோடும் நடமாடும்போதே, தன் மரண அறிவித்தலில் போடுவதற்கு ஊர் தேடி அலைந்த மனிதர் இந்தப் பூமியில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் திறப்பண்ணை.

கனடாவில், ஸ்காபரோவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் நான் குடியிருந்த காலத்தில் அவர் அங்கே சுப்பரின்ரென்டன், கட்டடத்தைப் பராமரிப்பவர். குழாய் சொட்டினாலும் ஹீற்றர் சூடாகாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். சாவியை நாங்கள் திறப்பு என்போம். அவருடைய இடுப்பில் தேங்காய் அளவு திறப்புக் கோர்வை ஒன்று தொங்கும். அவர் மூன்றாம் மாடியில் நடந்தால் ஏழாம் மாடியில் குழந்தை எழும்பி அழும். ஆறடி மூன்று அங்குலம், செக்கச் சிவந்த முகம், ஒஷாவாவில் பிறந்த அயர்லாந்து வம்சம். சொந்தப் பெயர் அறிவித்தல் பலகையில் எழுதியிருந்தது. யாரும் வாசித்ததில்லை; எங்களுக்கு அவர் திறப்பு அண்ணை, சுருக்கித் திறப்பண்ணை.

அவருக்கு இருந்த ஒரே வியாதி, குழாய் சொட்டும் சத்தம். அதைக் கேட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. ஒன்பதாம் மாடி மலர் அன்ரியின் மகள் கல்யாணத்துக்குக் கோட் சூட்டோடு வந்தவர், தாலி கட்டும் நேரம் பார்த்துக் காணாமல் போனார். அத்தனை மேளச் சத்தத்துக்குள்ளும் மண்டபத்துச் சமையலறைக் குழாய் அவருக்குக் கேட்டிருக்கிறது. கல்யாண அல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவருடைய கைகள் முழங்கை வரை நனைந்திருக்கும்.

இருபத்தைந்து வருடம் எங்களோடு பழகி அவர் தமிழும் படித்திருந்தார். எல்லாம் குடியிருந்தவர்கள் சொன்ன முறைப்பாடுகளில் இருந்து பொறுக்கிய தமிழ். அதனால் 'இல்லை' இல்லாமல் அவருக்கு ஒரு வசனம் லேசில் வராது.

"எப்பிடி அண்ணை சுகம்?"

"சூடு வருகுதில்லை. தண்ணி போகுதில்லை. பரவாயில்லை."

கட்டடத்தின் வாசல் பலகையில் எங்கள் ஆட்கள் மரண அறிவித்தல் ஒட்டுவார்கள். செத்தவீடு முடிந்ததும் அதைக் கழற்றுவது அவருடைய வேலை. ஆனால் நான் வாசித்துக் காட்டாமல் கழற்ற மாட்டார். யாழ்ப்பாணத்து இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னின்னாரின் மைத்துனரும் என்று தாள் முடியும்வரை சொந்தம் ஓடும். அவர் விரல் மடித்து எண்ணுவார். ஒருநாள் முப்பத்துநாலில் விரல் போதாமல் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எனக்கு எத்தினை வரி வரும்?"

தாய் தகப்பன் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் இல்லை. நான் கணக்குப் பார்த்து, "ஒண்டரை" என்றேன். இருவரும் சிரித்தோம். ஆனால் மனிதர் அன்று முழுக்க இரண்டாம் மாடி லிப்ட் கதவையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை மலர் அன்ரி வீட்டு சிங்க் அடைத்தது. அவர் அதற்குக் கீழே படுத்திருந்தபோது அன்ரி விசாரணையைத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் எந்த ஊர்?"

"ஒஷாவா."

"உது ஊரே? உது கார் செய்யிற இடம். உங்கட பூட்டன் எங்கையிருந்து வந்தவர்?"

"அயர்லாந்து."

"அது நாடு. நான் கேட்டது ஊர்."

 சிங்குக்குக் கீழே குறடு விழுந்த சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவருக்குப் பிடித்தது ஊர்ப் பைத்தியம். வம்சம் பார்க்கும் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போத்தலில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பினார். தொண்ணூற்றெட்டு வீதம் அயர்லாந்து என்று மறுமொழி வந்தது. "மிச்ச ரெண்டும் எங்கடையாத்தான் இருக்கும்" என்றார் மலர் அன்ரி. அது நோர்வே என்று தெரிந்ததும் அன்ரிக்கு மனவருத்தம். பிறகு திறப்பண்ணை பழைய தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் தேடினார். கில்தாரா என்ற கிராமம் அகப்பட்டது. ஆனால் அங்கே அவருடைய பூட்டனின் பெயரில் பதினொரு பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்.

"உது புத்தகம் பாத்துக் கண்டுபிடிக்கிற அலுவலில்லை. ஆள் விட்டு விசாரிக்கவேணும்" என்று அன்ரி பொறுப்பைத் தன் கையில் எடுத்தார். எங்கள் ஆட்களுக்கு உலகத்தில் எங்கேதான் சொந்தமில்லை? அன்ரியின் தமையன் மகன் ரூபன் அயர்லாந்தில் பஸ் ஓட்டுகிறான். அவனுக்குத் தெரிந்த விசாரணை கல்யாண விசாரணை ஒன்றுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கில்தாராவுக்குப் போய், தேவாலய வாசலில் நின்று ஊரையே துருவிவிட்டு வீடியோவில் வந்தான்.

"மாமி, ஆளைப் பிடிச்சிட்டன். நல்ல குடும்பம்."

"நோய் வருத்தம்?"

"பெரிசா இல்லை. ஒருத்தருக்குக் கொஞ்சம் குடி."

"காணி பூமி?"

"அதிலதான் மாமி பிரச்சினை. அண்ணன் தம்பிக்குள்ள எல்லைச் சண்டை. ஒரு முழ நிலத்துக்கு. தம்பிதான் கோவிச்சுக்கொண்டு கப்பலேறினவர். அவர்தான் இவரின்ரை பூட்டன்."

மலர் அன்ரி கண் கலங்கி, பக்கத்தில் இருந்த திறப்பண்ணையிடம் திரும்பினார். "அண்ணை, வேலிச் சண்டையோ? எங்கட ஊரிலையும் உதுதானே! அப்ப நீங்கள் எங்கட ஆள்தான்!"

திறப்பண்ணையின் கில்தாராப் பயணத்துக்கு அன்ரியே ஆயத்தம் செய்தார். ரூபனுக்கு மூன்று கிலோ மிளகாய்த்தூள் கட்டினார். "வெறுங்கையோட போனா ஆரெண்டு நம்புவினம்? கடுதாசியள் முழுக்கக் கொண்டுபோங்கோ" என்று ஒரு தடித்த பைலும் கொடுத்தார். திறப்பண்ணை தன் பங்குக்குக் குறடும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டார்.

அங்கே நடந்ததை அவர் எனக்கு ஆங்கிலத்தில்தான் சொன்னார். நான் எங்கள் தமிழில் தருகிறேன்.

ரூபன் அவரை, அண்ணன் வழியினர் இருக்கும் பூர்வீக வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கல்வீடு. முன்னால் கல்மதில். தட்டுவதற்கு முன் மதில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. கை சும்மா இருக்குமா? நாடாவை இழுத்து அளந்திருக்கிறார். கக்கத்தில் பைல். கதவைத் திறந்த கிழவிக்கு வேறென்ன தோன்றும்?

"வந்திட்டியோ? கனடாவிலயிருந்து ஒருத்தன் காணி பிரிக்க வருவான் எண்டு என்ரை மனிசன் சாகுமட்டும் சொன்னவர்!"

விளக்கம் சொல்ல அவர் வாயெடுக்க, கிழவி நாயை அவிழ்த்துவிட்டார். ஐயாயிரம் கிலோமீற்றர் பறந்து கடல் தாண்டிப் போனவர் பூர்வீக வீட்டுக் கேற்றுக்கு வெளியே மழையில் நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாராம். அப்போது நாய் குரைத்த சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது.

"அம்மா, உங்கட குசினிக் குழாய் சொட்டுது!"

"அது ஆறு வருசமாச் சொட்டுது. உனக்கென்ன?"

ஆறு வருடம் என்று கேட்டபிறகு அவருக்கு நாயும் தெரியவில்லை, கிழவியும் தெரியவில்லை. காற்சட்டையின் ஒரு துண்டை நாயிடம் கொடுத்துவிட்டு நேரே சமையலறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் வீடு அமைதியானது. கிழவி கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தேநீர் வைத்தார். அதற்குப் பிறகு வீட்டு வேதப்புத்தகத்தை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்கள். பூட்டனின் பெயர் மட்டும் கோடு போட்டு வெட்டியிருந்தது. கிழவி கண்ணாடியைப் போட்டு, அதற்குக் கீழே அந்தப் பெயரைத் திரும்பவும் எழுதினார். பக்கத்தில் திறப்பண்ணையின் பெயரையும் எழுதினார்.

இரண்டு நாளுக்கென்று போனவர் மூன்று கிழமை வரவில்லை. "மாமி, கில்தாராவில ஒரு குழாய் மிச்சமில்லை. ஊர்ச்சனம் ஆளை விடுகுதில்லை. கிழவி பின்னறையையும் குடுத்திட்டா" என்று ரூபன் சொன்னான். இங்கே எங்கள் கட்டடத்துக் குழாய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டத் தொடங்கின. ஊர் கிடைத்துவிட்டது, இனி எங்கே வரப்போகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த மூன்று கிழமையும் எனக்குக் கட்டடமே பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தூரத்தில் திறப்புச் சத்தம் கேட்டது. நான் படியில் ஓடினேன்.

"ஏன் அண்ணை வந்தனீங்கள்?"

"அங்கை ஒண்டும் சொட்டுகுதில்லை. இருந்து என்ன செய்யிறது?"

பின்னேரம் கூச்சத்தோடு ஒரு தாளை நீட்டினார். அவருடைய மரண அறிவித்தல். தமிழில் போட்டுத்தர வேண்டுமாம். கில்தாராவைப் பூர்வீகமாகவும், ஒஷாவாவைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர், கில்தாரா அம்மையாரின் அன்பு உறவினரும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமை.

"மிச்சம் இல்லை" என்றார்.

நான் தாளை மலர் அன்ரியிடம் கொண்டுபோனேன். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மலரின் பாசமிகு தமையனும்' என்று தன் கையால் எழுதினார். பிறகு தாளோடு லிப்டில் ஏறி மாடி மாடியாகப் போனார். திரும்பி வந்தபோது குடியிருப்பவர்கள் உறவு சொல்லி எழுதிய இரண்டு தாள் பின்னால் இணைத்திருந்தது. வாசிக்க வாசிக்கத் திறப்பண்ணை விரல் மடித்தார். நாற்பத்தொன்றில் மூக்கை உறிஞ்சினார்.

"எப்ப ஒட்டுறது?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை!" என்று அன்ரி தாளைப் பறித்து என்னிடம் தந்தார்.

அது இப்போதும் என் மேசை லாச்சியில் இருக்கிறது, திகதி போடாமல். நாற்பத்தொன்றாவது பெயர் என்னுடையது.

நான் அந்தக் கட்டடத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். என் குசினிக் குழாய் போன மாதத்திலிருந்து சொட்டுகிறது. திருத்த எனக்கும் தெரியும். சனிக்கிழமை சாப்பிட வருகிறார், அந்தச் சத்தம் அவர் காதில் விழட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.