ரெண்டு இஞ்சு தண்ணியும் பக்கெட் சாரும்

தண்ணீரைக் கண்டால் எல்லோருக்கும் தாகம் எடுக்கும். பக்கெட் சார் ஸ்டாப்வாட்ச்சை எடுப்பார். குழாயடியில் நின்று நொடி எண்ணுவதில் அவரை மிஞ்ச இனி ஒரு ஆள் பிறக்க முடியாது என்பது என் தீர்மானமான கருத்து.

நாமக்கல்லில் ஒரு சின்ன அரசு அலுவலகம். எந்த ஊரில் எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கேட்டு எழுதி மேலே அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. நான் அங்கே தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. பக்கெட் சார் ஊர் ஊராகப் போகிறவர். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கும் அவர் சம்சாரத்துக்கும் மட்டும்தான் தெரியும். மொபெட்டின் பின்னால் இருபது லிட்டர் நீல பக்கெட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மோட்டார்க் குழாய்க்குக் கீழே பக்கெட்டை வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று பார்ப்பார். மோட்டார் ஓடும் நேரத்தால் பெருக்குவார். இதையே மூன்று தடவை செய்வார்.

"சுமாரா" என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்கு முகம் சிவந்துவிடும். "சுமாராங்கறது ஒரு நம்பருங்களா?" என்று ஆபீசரிடமே கேட்டிருக்கிறார். டீக்கடையில் கிளாஸை அளந்து, "நூறு மில்லின்னீங்க, எம்பத்திரெண்டுதானுங்க இருக்குது" என்று சொன்னதிலிருந்து கடைக்காரர் எங்கள் ஆபீஸ் பக்கமே திரும்புவதில்லை. இளம்பிள்ளை என்ற ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், "சாமி, இந்த ரச வாளி எத்தன லிட்டருங்க?" என்று கேட்டாரே பார்க்கணும்! பரிமாற வந்த பையன் பயந்துபோய் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டு ஓடினான்.

இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் நம் விவசாயிகள். இலவச கரண்டுக்கு மீட்டர் வந்துவிடுமோ என்று அவர்களுக்கு எப்போதும் ஒரு திகில். சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முத்துசாமி என்ற விவசாயி, பக்கெட்டைப் பார்த்ததுமே வாசலில் மறித்தார்.

"ஏனுங்க, மீட்டரு மாட்ட வந்தீங்களா?"

"இல்லீங்க, தண்ணி எத்தன வருதுன்னு பாக்கத்தானுங்க."

"தண்ணியா? அது எங்கீங்க வருது! மோட்டாரு வெறுங் காத்தத்தான் கக்குது."

அவர் முதுகுக்குப் பின்னால் வாழைத் தோப்பில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கெட் சார் சண்டை போடவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வரும்வரை மூன்று மணி நேரம் அசையவில்லை. கடைசியில் முத்துசாமிக்கே மனசு கேட்காமல் மோர் கொடுத்து, மோட்டாரையும் போட்டுவிட்டார். இப்படியே அந்த ஊர்க் கிணறு, போர் எல்லாவற்றையும் அளந்து முடித்தார்.

அடுத்து ஒரு திட்டம் வந்தது. மழைக்காலத்தில் ஆற்றில் வீணாகப் போகும் தண்ணீரைக் குழாய் வழியே காய்ந்த ஏரிகளுக்கு விடுவார்களாம். எந்த ஏரிக்கு என்பதை எங்கள் கணக்கை வைத்து முடிவு செய்வார்களாம். முத்துசாமி ஊர் ஏரியில் வருஷக்கணக்காகக் கிரிக்கெட்தான் ஓடிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீரும் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போனது; ஏரி நிரம்பினால்தான் ஏறும். ஊரே அதை நம்பி இருந்தது.

பட்டியல் வந்தது. அந்த ஊர் பெயர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது! ஒரு போகம் முழுவதற்கும் இரண்டே அங்குலத் தண்ணீரில் வாழையும் கரும்பும் விளைவிக்கும் முன்மாதிரிக் கிராமமாம். வெளித் தண்ணீர் தேவைப்படாதாம்.

முத்துசாமி கடிதத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். "இதைய வெச்சுட்டு நானு என்ன பண்றதுங்க? காயற தென்ன மரத்துக்குப் படிச்சுக் காட்டட்டுங்களா?"

பக்கெட் சார் கோப்பைப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். "தண்ணி எவ்வளவு?" என்று படிவத்தில் கேட்டிருந்ததற்கு அந்த ஊர் விவசாயிகள் எல்லோரும் "ரெண்டு இஞ்சு" என்று சொல்லியிருந்தார்கள். போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் பழக்கிவிட்ட பேச்சு அது. போரிலிருந்து பீறிட்டு வருகிற தண்ணீரின் கனத்தை இந்தப் பக்கம் இஞ்சில்தான் சொல்வார்கள். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த எனக்கு அது என்ன தெரியும்? வயலில் நிற்கிற தண்ணீரின் உயரம் என்று நினைத்து, 'ஒரு போகத்துக்கு எத்தனை அங்குலம்' என்ற கட்டத்தில் வரிசையாக இரண்டு, இரண்டு என்று தட்டிவிட்டேன். பக்கெட் சாரின் சரியான கணக்கு பின்னாலேயே குத்தியிருந்தது. படிவத்தில் பக்கெட்டுக்குக் கட்டம் இல்லாததால் யாரும் அதைப் புரட்டவில்லை. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டவர் ஆபீசர்.

"திருத்தம் அனுப்பலாம்," என்றார் ஆபீசர். "ஆனா பிழை செய்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம மேலே வாங்க மாட்டாங்க. என் பேரையா போட முடியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தற்காலிகம் என்றால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"நாந்தானுங்க அளந்தேன். தப்பு என்னுதுதானுங்க," என்றார் பக்கெட் சார்.

"சார், நீங்க எழுதினது சரியாத்தானே இருக்கு!" என்றேன்.

"செத்த சும்மா இரு சாமி. அவங்களுக்கு ஏரித் தண்ணி வரோணுமா, வேண்டாமா? நீ டைப் அடி."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "நொடிகளைச் சரியாக எண்ணத் தெரியாமல், சுமாராக எழுதிவிட்டேன்." அவர் வாயாலேயே 'சுமாராக' என்று சொன்னார். அதற்கு அவருக்கு ஒரு மெமோ கிடைத்தது. அடுத்த பட்டியலில் அந்த ஊர் ஏரி சேர்ந்தது, தண்ணீரும் வந்தது.

அரசாங்கக் கோப்புப்படி, நாமக்கல் மாவட்டத்தில் தண்ணீர் அளக்கத் தெரியாத ஊழியர் அவர் ஒருத்தர்தான். அதை டைப் அடித்தவள் நான். பாதியில் எழுந்துபோய் அழுதுவிட்டு வந்துதான் முடித்தேன்.