பிள்ளை பிடிக்கிறவன் சந்தையில் மாட்டிக்கொண்ட விவரம்

அன்புள்ள யிஹாங்குக்கு,

குய்ஜோவிலிருந்து ரான் யுங்பா எழுதுவது. இங்கே நானும், உன்னைப் பெற்ற அம்மாவும், நூடுல்ஸ் கடையும் நலம். அங்கே ஃபூஜியனில் நீயும் உன்னை வளர்த்தவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இதை முழு மனதோடுதான் எழுதுகிறேன். ‘வளர்த்தவர்கள்’ என்ற இடத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தால் அது பேனாவின் கோளாறு.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ “சாப்பிட்டீங்களா சித்தப்பா?” என்கிறாய், நான் “ஆச்சு” என்கிறேன், அதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். நீ என்னைச் சித்தப்பா என்பதிலும் அவளைச் சித்தி என்பதிலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மூன்று வயதில் சந்தையில் எவனோ தூக்கிக்கொண்டு போன பிள்ளையை, முந்தின வருஷம் போலீஸ்காரர்கள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இவன்தான் உங்கள் மகன் என்று மீசை வைத்த ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தினால், எடுத்த எடுப்பில் அப்பா என்று கூப்பிட நாக்கு எப்படி வரும்? எனக்கு நன்றாகப் புரிகிறது. உன் அம்மாவுக்குத்தான் புரியவில்லை. போனை வைத்ததும் பின்கட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்குகிறாள். அவ்வளவு வெங்காயம் நம் கடைக்குத் தேவையே இல்லை. இந்தக் கடிதமும் அவள் அடித்த கூத்தைப் பற்றியதுதான்.

பிள்ளைகளைக் கடத்துகிறவர்களைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கூட்டம் பெய்ஜிங்கிலிருந்து வந்து இறங்கியது. இயக்குநர் ஃபாங் என்று ஒரு இளைஞர், குடுமி போட்டிருப்பார், ஆனால் மரியாதை தெரிந்தவர். நம் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்கே வந்து, “ஐயா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஊர் பார்த்துக்கிறோம்” என்றார். “எனக்கென்ன கஷ்டம், பிள்ளைதான் கிடைச்சுட்டானே, தாராளமா எடுங்க” என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பிள்ளை பிடிக்கிறவனாக நடிக்கிற ஜியாங் பரம சாது. தினமும் நம் கடையில்தான் சாப்பாடு. மிளகாய் எண்ணெயை இன்னும் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், உன்னைப் போல ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லை.

காட்சி இதுதான்: சந்தைக்காரர்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும், பிள்ளை மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும், ஜியாங் மெதுவாக வந்து தூக்கிக்கொண்டு போவார், ஒருவரும் கவனிக்கக் கூடாது. உன் அம்மாவுக்கு, கடையில் முதுகைக் காட்டி நின்று கிண்ணத்தில் குழம்பு ஊற்றுகிற வேலை. அதற்கென்ன, காலம் முழுக்கச் செய்கிற வேலைதானே என்று நினைத்தால், ஜியாங் பிள்ளையைத் தொட்டதுதான் தாமதம், உன் அம்மா கரண்டியோடு பாய்ந்து போய், “விடுறா என் பிள்ளையை!” என்று அந்த சாது மனுஷனின் முதுகில் ஒரு போடு போட்டு, பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாளே பார்க்கணும், குழந்தையைப் பெற்றவள் வந்து கேட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, மறுபடி எடுக்கும்போது அவளைப் பின்கட்டில் விட்டுத் தாழ்போட்டோம். ஜன்னல் ஏறிக் குதித்து வந்துவிட்டாள். இந்த வயதில்! கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

சரி, இவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எடுக்கலாம் என்றால், இப்போது பன்றிக்கறி விற்கிற மோ அக்கா தள்ளுவண்டியைக் குறுக்கே விட்டு ஜியாங்கின் வழியை மறித்துவிட்டாள். டோஃபு விற்கிற கூ கிழவர், ஓட முடியாதவர், ஜியாங்கின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா, ஐயா, உங்க காலில் விழறேன், யாரும் பார்க்கக் கூடாது! யாருமே பார்க்கலைங்கிறதுதான் கதையே!”

மோ அக்கா வெட்டுக்கத்தியைப் பலகையில் வைத்தாள். “தம்பி, அன்னைக்கு இதே இடத்துலதான் நின்னேன். பார்க்கலை. இன்னி வரைக்கும் அந்தத் தம்பதி முகத்தை நேரா பார்க்க முடியலை எனக்கு. நீ காசு குடுத்து இன்னொரு தடவை பார்க்காதேங்கிறியே, அது எங்களால ஆகுமாப்பா?”

இயக்குநர் டோஃபு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, பிடிங்க” என்றார். பிடித்தோம் பார்! மொத்தச் சந்தையும் ஓடியது. முட்டைக் கூடை கவிழ்ந்தது, கூ கிழவரின் ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஜியாங் மண்ணில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “இவ்வளவு சந்தோஷமா நான் அடி வாங்கினதே இல்லை” என்று அழுதார். அந்தக் குட்டிப் பையன் மட்டும், “இன்னொரு தடவை ஓடலாமா?” என்றான். படத்தில் இது பிள்ளையைத் தொலைத்த தகப்பன் காண்கிற கனவாக வருமாம். தூக்கிக்கொண்டு போகிற காட்சியை வேறு ஊரில் போய் எடுத்துக்கொண்டார்கள்.

சொல்ல வந்தது என்னவென்றால், படம் புத்தாண்டு வசந்த விழாவுக்கு இங்கே ஓடப்போகிறது. நீ அதற்காக ஒன்றும் மெனக்கெட வேண்டாம். விழாவுக்கும் இந்தத் தடவை வர வேண்டாம். ரயிலில் கூட்டம், உனக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை, வளர்த்தவர்களும் உன்னை எதிர்பார்ப்பார்கள். உன் அம்மா இப்போதே மிளகாய் இல்லாத குழம்பு வைத்துப் பழகுகிறாள். “யாருக்குக் காய்ச்சல்?” என்று வாடிக்கைக்காரர்கள் கேலி பண்ணுகிறார்கள். அவன் வரமாட்டான் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கடல் மீனில் முள் பார்த்துத் தின்னு. போகிற இடமெல்லாம் நல்லவர்கள் கண் உன் மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
ரான் யுங்பா

பி.கு.: இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாவுக் கையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். “யோவ், கரண்டியோட ஓடினது யாரு? எழுது. உண்மையை எழுதினாத்தான் தபால்ல போட விடுவேன்” என்கிறாள். ஆகவே மேலே ‘உன் அம்மா’ கூத்தடித்ததாக எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் ‘நான்’ என்று படித்துக்கொள். கதவைத் தாழ்போட்டவள் அவள், ஜன்னலில் குதித்தவன் நான். கணுக்கால் என்னுடையது, தங்கை வீட்டுக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பி வந்தவனும் நான்தான். வெங்காயமும் நான் நறுக்கியதுதான். மிளகாய் இல்லாத குழம்பு இப்போது வாயில் வைக்கிற மாதிரி வருகிறது. வர வேண்டாம் என்று மேலே எழுதிய வரிகளை அவள் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். சினிமாவுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, நடு இருக்கை உனக்கு. கையெழுத்துக்கு மேலே ‘சித்தப்பா’ என்று இருப்பதையும் இப்போது அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று நீ வந்து சொல்லுப்பா.